பாலிசிதாரரின் கட்டடம்

அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில் நிற்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை ‘இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடம்’ என்று எழுதுவது செய்தித்தாள்களின் வழக்கமாகிவிட்டது. அது தானாக இடியவில்லை. 2006இல் அதன் உரிமையாளரான எல்.ஐ.சி. ஆட்களை விட்டு இடிக்கத் தொடங்கியது. வழக்கு குறுக்கே வந்ததால் பாதியில் நிறுத்தியது. தலை போன கோபுரங்களும் கூரையிழந்த அறைகளும் காலத்தின் வேலை என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு விவரத்தை மறந்துவிடுகிறார்கள்.

1897இல் கட்டப்பட்டபோது இதன் பெயர் கார்டைல் கட்டடம். டபிள்யூ.இ. ஸ்மித் என்னும் ஆங்கிலேய மருந்து வணிக நிறுவனத்துக்காக ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் வடிவமைத்தார். உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடிப்பதில் ஹென்றி இர்வினுக்குத் துணை நின்றவர் அவர். பிற்காலத்தில் இந்தக் கட்டடத்தின் தலைவிதி அவர் கைபட்ட அந்த இன்னொரு கட்டடத்தில்தான் தீர்மானமானது என்பது தற்செயல்தான், என்றாலும் சுவையான தற்செயல். சிவப்புச் செங்கல், அடுக்கடுக்கான வளைவுகள், மசூதியையும் தேவாலயத்தையும் ஒருசேர நினைவூட்டும் கோபுரங்கள்: மருந்தும் மூக்குக்கண்ணாடியும் விற்க இவ்வளவு பகட்டு தேவையா என்று கேட்கலாம். மவுண்ட் ரோடு என்று அழைக்கப்பட்ட இந்தச் சாலையில் கடை வைத்தவர்கள் அன்று தேவை என்றே நினைத்தார்கள். ஸ்பென்சரும் பி. ஆர் அண்டு சன்ஸும் ஹிக்கின்பாதம்ஸும் அப்படித்தான் எழும்பின.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. துரைமார்களும் அவர்களை அண்டியவர்களும் படியேறிய கடை நமக்கு எப்படிப் பாரம்பரியம் ஆகும்? நியாயமான கேள்விதான். ஆனால் கட்டடத்தின் கதை 1897இல் முடியவில்லை. சொல்லப்போனால் நமக்கான கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1934இல் இதை பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது. லாலா ஹர்கிஷன் லால் 1896இல் லாகூரில் தொடங்கிய சுதேசி நிறுவனம் அது. மவுண்ட் ரோட்டின் கம்பீரமான ஆங்கிலக் கடையொன்றில் சுதேசிக் கம்பெனியின் பெயர் ஏறியது அந்த நாளில் சின்ன விஷயமாக இருந்திருக்காது. பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் ராமகிருஷ்ண டால்மியாவின் கைக்குப் போனது. பாலிசிதாரர்கள் கட்டிய பணத்தை அவர் தன் சொந்த வியாபாரங்களுக்கும் பங்குச்சந்தை ஊகத்துக்கும் திருப்பிவிட்டதை 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். ஆளும் கட்சியின் உறுப்பினர், பிரதமரின் மருமகன், தன் கட்சியின் அரசுக்கே சங்கடம் தரும்படி பேசினார். டால்மியா பின்னர் சிறைக்குப் போனார். ஃபெரோஸ் காந்தி பேசிய அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. நாட்டுடைமைக்குக் காரணங்கள் பல. ஆனால் உடனடியாகத் தூண்டியவற்றில் பாரத் இன்ஷூரன்ஸ் ஊழல் முதன்மையானது.

ஆக, எல்.ஐ.சி. இடிக்கப் புறப்பட்டது ஏதோ ஒரு மருந்துக்கடையை அல்ல, தான் ஏன் பிறந்தோம் என்பதற்கான சாட்சியை. அதே சாலையில் 1959இல் திறந்த தன் பதினான்கு மாடியை அந்த நிறுவனம் பெருமையோடு வைத்திருக்கிறது. அதுவும் நாட்டுடைமையோடு வந்த சொத்துதான், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா நிறுவனம் தொடங்கிய கட்டடம். ஒரே வழியில் வந்த இரண்டு சொத்துகளில் ஒன்று நகரத்தின் அடையாளம், மற்றொன்று இடிபாடு.

2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்புக்குத் தடை விதித்தது. வழக்குத் தொடுத்த பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்குக்கும், விடாமல் எழுதிய எஸ். முத்தையாவின் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழுக்கும் நகரம் கடன்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஊன்றி நின்ற இடம்தான் விசித்திரமானது. விளம்பரப் பலகைகளைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி பத்மநாபன் குழு, எந்தெந்தக் கட்டடங்களை மறைத்துப் பலகை வைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தந்திருந்தது. சென்னையின் நானூற்றுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களுக்கு ஒரு காப்பு கிடைத்தது அந்தப் பட்டியல் வழியாகத்தான். பலகை வைக்காதே என்று போட்ட பட்டியல் இடிக்காதே என்று சொல்லப் பயன்பட்டது. முந்நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிய ஊரில் அதுவரை வேறு பட்டியல் இல்லை. பம்பாய் தன் பாரம்பரியக் கட்டட விதிகளை 1995லேயே கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012இல் நிறைவேற்றியது. நடைமுறைக்குக் கொண்டுவர அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

நீதிமன்றத்தால் இடிப்பை நிறுத்த முடியும், ஓட்டை விழுந்த தளத்தை அடைக்க முடியாது. தீர்ப்பு வந்து பத்து மழைக்காலங்கள் போன பிறகும் கட்டடம் பூட்டியே கிடந்தது. சுண்ணாம்புக் காரையில் எழுந்த கட்டடங்களுக்கு வயது பெரிய எதிரியல்ல. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளங்கள் இந்த ஊரின் வெயிலையும் மழையையும் நூறாண்டுக்கு மேல் தாங்கியிருக்கின்றன. தேங்கிய நீரும் சுவரில் முளைக்கும் அரசங்கன்றும்தான் அவற்றைக் கொல்கின்றன. ஆண்டுக்கொரு முறை நீர்ப்போக்கியைச் சுத்தம் செய்து, கன்றைப் பிடுங்கினால் போதும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு பொறியாளரை அழைத்து ‘பாதுகாப்பற்றது’ என்று சான்று வாங்குவதற்குப் பெயர் பராமரிப்பின்மை அல்ல. அது மெதுவான இடிப்பு. தடையாணையால் பிடிக்க முடியாத இடிப்பு.

ஹிக்கின்பாதம்ஸைப் பாருங்கள். 1904இல் திறந்த கட்டடம். இன்றும் அங்கே புத்தகம் விற்கிறது. உள்ளே போகிற பள்ளிப் பிள்ளைக்கு உயர்ந்த கூரையின் கீழ் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிகிறது. கோயிலுக்குப் பக்தர் இருக்கிறார், கோட்டைக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. வணிகக் கட்டடத்துக்கு வாடிக்கையாளரை விட்டால் நாதியில்லை. 1980களின் தொடக்கத்தில் பழைய ஸ்பென்சர் தீயில் போனபோது அந்த இடத்தில் வணிக வளாகம் எழுந்தது, நகரம் அதைப் பழகிக்கொண்டது. எனவே பாரத் கட்டடத்தைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கிப் பூட்டிவைக்கச் சொல்வதில் நமக்கு உடன்பாடில்லை. கீழே கடைகள் வரட்டும், மேலே அலுவலகம் நடக்கட்டும். வாடகை வருகிற கட்டடத்தைத்தான் யாரும் ஒழுக விடமாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பாலிசிதாரரின் பணத்தைப் பழைய செங்கல்லில் கொட்டலாமா என்று எல்.ஐ.சி. தரப்பில் கேட்கக்கூடும். அண்ணா சாலையின் நடுவில் இவ்வளவு பெரிய இடத்தை ஒரு ரூபாய் வருமானமில்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்ததும் பாலிசிதாரரின் பணம்தானே? மேலே கட்ட முடியாமல் போகும் பரப்புக்கு ஈடாக வேறோர் இடத்தில் கட்டும் உரிமையைத் தரும் முறையைப் பம்பாய் பழைய கட்டட உரிமையாளர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறது. அதை இங்கே எல்.ஐ.சி.க்குத் தருவதற்கு அரசு தயங்க வேண்டியதில்லை.

இந்த இதழின் வாசகர்களில் எல்.ஐ.சி. பாலிசி இல்லாதவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அடுத்த பிரீமியம் கட்டும்போது, பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, பாரத் கட்டடத்தைச் செப்பனிடும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் எங்களுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.