பட்டியலில் இல்லாதவர்க்கு நாளும் இல்லையோ?

அரசுகள் எவருடைய நினைவு நாளைப் போற்றுகின்றன? தாம் பெயரெழுதி வைத்தோரின் நாளையே! ஆண்டுதோறும் ஏப்ரல் 25 வைகறையில் ஆஸ்திரேலிய அரசு, தாய்லாந்தின் ஹெல்பயர் கணவாயில் தன் வீரர்க்கு வணக்கம் செலுத்துகின்றது. செலுத்தட்டும், அது முறையே.

ஆனால் 1942–43இல் அங்கே சயாம் மரண ரயில் பாதைக்குப் பலியானோர் அவர் மட்டுமோ? நேசநாட்டுக் கைதிகள் சுமார் 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை மாண்டிருப்பர் எனக் கணிக்கின்றனர். மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் அவருள் பல்லாயிரவர். வீரனுக்குப் பட்டியல் இருந்தது; கல்லறை எழுந்தது; நாளும் வந்தது. கூலிக்கு முறையான பட்டியல் இல்லை. அரசு வகுத்த நாளும் இல்லை!

தோழர்களே! வீடுதோறும் பாட்டன் பெயரைப் பேரர் எழுதுக. அப்பட்டியலை ஏந்திச் சென்று நாம் நாள் கேட்போம். நாம் கேட்பது பிச்சையன்று, பாக்கி!