சுவரில் தொங்கும் சரித்திரம்

ஜெராம் வட்டாரத் தோட்டங்களில் நாம் வாழ்ந்த லயத்து வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். காலண்டர் முருகன், பக்கத்தில் எம்.ஜி.ஆர்., ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே நெருக்கியடித்துக்கிட்டு நம் சொந்தபந்தம் அத்தனை பேரும்!

வீடு மாறும்போது "பழைய குப்பை" என்று தூக்கிப் போடுகிறோமே, நியாயமா? 1942–43இல் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தாத்தாவுக்குக் கல்லறை ஏது? படம் ஒன்று இருந்தால் அதுதானே மிச்சம்! 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் வெறும் காகிதமா? அப்பா பால்மரம் வெட்டிய காசு ஐயா அது!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல இடிந்தன. படத்தையும் கரையானுக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவோம்?

இன்றே இறக்குங்கள். பாட்டியிடம் பெயர், தோட்டம், ஆண்டு கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். பாட்டி போன பிறகு யாரைக் கேட்பது?