'ஏற்கப்படவில்லை' – அவ்வளவுதானா?

போன தடவை இந்தப் பலகையில் பொது அறிவுத் துணுக்குகள் எழுதியிருந்தேன். இந்தத் தடவை ஒரு கருத்து சொல்லலாம்னு வந்திருக்கேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடிக்கறதுக்குள்ள படிச்சுடுங்க.

என் வகுப்புத் தோழி ஒருத்தி நம்ம ஊர் ஏரியைப் பற்றி ஓர் இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினாள். அவள் அண்ணனோட செல்போனில் மூணு ராத்திரி தட்டித் தட்டி எழுதினது. சில நாள் கழிச்சுப் பதில் வந்தது: போதிய ஆதாரம் இல்லாததால் ஏற்கப்படவில்லை. ஒரே வரி! எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை, எப்படிப்பட்ட ஆதாரம் வேணும், ஒண்ணுமே இல்லை. "இனிமே நான் எழுதவே மாட்டேன் போடி"ன்னு சொல்லிட்டாள். (எந்தக் கலைக்களஞ்சியம்னு சொல்லப் போறதில்லை. தப்பு எங்க பக்கமும் இருந்துச்சு. அதையும் மறைக்காம எழுதறேன்.)

என் கருத்து இதுதான். புதுசா எழுத வர்றவங்களுக்குப் பாராட்டும் வேண்டாம், விதிமுறைகளை மொத்தமாகத் தலையில் கொட்டவும் வேண்டாம். "இந்த வரியை நீ எங்கே படிச்சே?"ன்னு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஓர் ஆள் வேணும்.

இதெல்லாம் நம்மளை மாதிரி பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் நடக்கும்னு நினைச்சுடாதீங்க. டோனா ஸ்ட்ரிக்லாண்ட் என்று ஒரு அம்மா, கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் சுருக்கி, மிகக் குறுகிய நேரத்தில் மிகப் பெரிய சக்தியாக ஆக்குகிற முறையை, தன் ஆசிரியர் ஜெரார் மூரூவோடு சேர்ந்து 1985-ல் வெளியிட்டவர். கண்ணாடி போடாமல் இருக்கச் செய்கிற கண் அறுவைச் சிகிச்சையில்கூட இந்த முறை பயன்படுகிறது. அவரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒருவர் வரைவு எழுதி அனுப்பினார். 2018 மே மாதம் அது திரும்பி வந்துவிட்டது. கொடுத்திருக்கிற மேற்கோள்களை வைத்துப் பார்த்தால் இவருக்குத் தனிக் கட்டுரை போடும் அளவு முக்கியத்துவம் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதே வருஷம் அக்டோபர் 2-ம் தேதி அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிச்சாங்க! மேரி கியூரி (1903), மரியா கோப்பர்ட் மேயர் (1963) இவங்களுக்குப் பிறகு அந்தப் பரிசை வாங்கிய மூன்றாவது பெண் அவர். அன்றைக்குக் காலையில் உலகமே அவர் பெயரைத் தேடுது, கட்டுரை இல்லை. அப்புறம் அன்றைக்கே அவசர அவசரமாக எழுதினாங்க.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. நோபல் பரிசுக்கு முன்னாலேயே, 2013-ல், அவர் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். பெரிய அறிவியல் சங்கத்தின் தலைமைப் பதவி என்பது, பேராசிரியர்களுக்கு அந்தக் களஞ்சியம் வைத்திருக்கிற தகுதிகளில் ஒன்று. எழுதியவர் பக்கத்தில் யாராவது இருந்து, "உன் கட்டுரைக்குப் பலமே இந்த ஒரு வரிதான். இதை மேலே கொண்டு வா. அவங்க பல்கலைக்கழகப் பக்கத்தையே காட்டாதே, வெளியார் எழுதினதைக் காட்டு"ன்னு சொல்லியிருந்தால்? ஏற்காமல் திருப்பியவரே இந்த இரண்டு வரியை எழுதியிருந்தால்? கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோணுது.

அதுக்காகத் திருப்பி அனுப்புறவங்க எல்லாரையும் வில்லன் ஆக்கக் கூடாது. அவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கண்டிப்பு இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005-ல் ஒரு சம்பவம் நடந்தது. ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், கென்னடி கொலையோடு சம்பந்தப்பட்டவர் என்று யாரோ விளையாட்டாக எழுதி வைத்த பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அப்படியே கிடந்தது. அதன் பிறகுதான், கணக்கு இல்லாதவர்கள் அங்கே புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று 2005 டிசம்பரில் ஆக்கினார்கள். இப்போ அங்கே கணக்கு தொடங்கி 4 நாள் ஆகி, 10 திருத்தம் செய்த பிறகுதான் நேரடியாகக் கட்டுரை போட முடியும். அதுவரை வரைவாகத்தான் அனுப்ப வேண்டும். இதில் இப்போ ஏ.ஐ. தலைவலி வேறு. அது இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு மேற்கோள் போட்டுத் தரும்! அதனால் பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் அதிகமானதில் தப்பே இல்லை. ஆனால் சந்தேகப்படுவது வேறு, வாயை மூடிக்கொண்டு திருப்பி அனுப்புவது வேறு.

சரி, எங்க தப்புக்கு வர்றேன். தோழி எழுதிய முதல் வரி: "எங்கள் ஊர் ஏரி மிகவும் அழகானது, புகழ்பெற்றது." யார் சொன்னது? நாமதான்! அடுத்தது, ஏரி எத்தனை வருஷப் பழசு என்று அவள் தாத்தா சொன்னது. தாத்தா பொய் சொல்லலை. ஆனால் வேறொருத்தர் போய்ச் சரிபார்க்க முடியாதே. மூணாவதுதான் சுவாரசியம். மதகு பக்கத்தில் கல்வெட்டு இருக்கு. அவள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்து, தானே அர்த்தம் எழுதியிருந்தாள். எனக்கு அது பெரிய சாதனையாத்தான் தெரிஞ்சுது. ஆனால் கலைக்களஞ்சியத்தில் இதற்குப் பெயர் சொந்த ஆய்வு. அது கூடாது. அதே கல்வெட்டைத் தொல்லியல் துறை படித்துப் புத்தகமாக அச்சிட்டிருந்தால், அந்தப் புத்தகமும் பக்க எண்ணும் ஆதாரம். கல் ஒண்ணுதான்; யார் படிச்சு எங்கே அச்சாச்சு என்பதில்தான் வித்தியாசம்.

இதைப் புரிய வைக்க எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலை. அவள் கோபமும் பாதி குறைஞ்சுடுச்சு. அந்த ஒரு வரிப் பதிலை அனுப்பினவருக்கு இதை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 'இப்போதைக்கு ஏற்கவில்லை' என்பதும் 'முற்றிலும் மறுக்கப்பட்டது' என்பதும் வேறு வேறு. முதலாவது வந்தால் திருத்தித் திரும்ப அனுப்பலாம். ஸ்ட்ரிக்லாண்ட் வரைவுக்கு வந்தது அதுதான். ஆனால் புதுசா வர்றவங்க ரெண்டையும் ஒண்ணா நினைச்சு ஓடிப் போயிடறாங்க. ஆறு மாசம் யாரும் தொடலைன்னா அந்த வரைவையே நீக்கிடலாம். ஒரு கோபத்தில் விட்டுட்டுப் போனால் உழைப்பும் சேர்ந்து போச்சு.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத நினைக்கிறவங்களுக்கு: எழுதிப் பழகறதுக்கு அங்கே 'மணல்தொட்டி' உண்டு. சந்தேகம் கேட்க 'ஒத்தாசைப் பக்கம்' உண்டு. எல்லாரும் கூடிப் பேசற இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். (பேரைப் பார்த்ததுமே பயம் போயிடும்.) அங்கே போய், "என் கட்டுரையை ஏன் எடுத்தீங்க?" என்று சண்டை போடறதைவிட, "மூணாவது பத்திக்கு எந்த மாதிரி ஆதாரம் வேணும்?"னு கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

உதவி செய்ய வர்ற அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு விண்ணப்பம். "கொடு, நானே சரி பண்ணித் தர்றேன்"னு விசைப்பலகையைப் பிடுங்காதீங்க! கட்டுரை நிற்கும், எழுதினவங்க நிற்க மாட்டாங்க. இன்னொன்று, முதல் நாளே புதுக் கட்டுரை எழுதச் சொல்லாதீங்க. ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒரு கட்டுரையில், ஆதாரம் இல்லாத ஒரு வரிக்கு ஆதாரம் தேடிப் போடச் சொல்லுங்க. அதுக்கே நூலகத்துக்கு ரெண்டு தடவை அலையணும். அலைஞ்சவங்களுக்குத்தான் விதியோட அர்த்தம் புரியும். நம்ம பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதலாமேன்னு சிலர் சொல்றாங்க. வேண்டாம். நம்மைப் பற்றி நாமே எழுதினால் புகழ்ச்சிதான் வரும், பார்க்கிறவங்களும் நம்ப மாட்டாங்க.

கணினி ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கணினி அறையை எங்களுக்குத் திறந்து விடணும். அனுப்பறதுக்கு முன்னாடி கட்டுரையை ஒருத்தர் சத்தமா வாசிக்கட்டும். மத்தவங்க ஒவ்வொரு வரிக்கும் "எங்கே படிச்சே?"ன்னு கேட்கட்டும். பதில் இல்லாத வரியை அடிச்சுடலாம். நூலகப் பொறுப்பாசிரியர் அம்மாவும் கூட இருந்தால் ரொம்ப நல்லது. மாவட்ட விவரச்சுவடி அவங்க அலமாரியில்தான் இருக்கு.

தோழி மறுபடி எழுத ஒத்துக்கிட்டாள். 'அழகானது, புகழ்பெற்றது' ரெண்டையும் அவளே அடிச்சுட்டாள். ஏரியின் பரப்பளவும் பாசன விவரமும் விவரச்சுவடியில் பார்த்து எழுதியாச்சு. ஏரி தூர்வாரினபோது செய்தித்தாளில் வந்த செய்தி மட்டும் இன்னும் கிடைக்கலை. யார் வீட்டிலாவது அந்தப் பழைய பேப்பர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்க. கிழிச்சு எடுத்துட்டு வர வேண்டாம். பேப்பர் பெயர், தேதி, பக்க எண் மூணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி