பாலாறு எத்தனையாவது பத்தியில் வரும்?

பாலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பாலாற்றில் தொடங்குவதில்லை. உலகத் தோற்றத்தில் தொடங்குகிறார்கள். ஆற்றங்கரை நாகரிகங்கள், சங்கத் தமிழர் நீரைப் போற்றிய திறம், வள்ளுவர் மழைக்குத் தந்த இடம் என இரண்டு பத்திகள் சென்ற பிறகே ஆம்பூர் வருகிறது. சில கட்டுரைகளில் அது வருவதே இல்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளிலிருந்து தமிழ் படிக்க வரும் இம்மாணவர்களுள் பலருடைய பெற்றோர் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறவர்கள். நூலகத்தில் கிடைக்காத செய்திகள் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அவை முதற்பத்தியை எட்டுவதில்லை.

ஏன் எட்டுவதில்லை என்பதே நாம் இங்கே கேட்க விரும்புவது. கட்டுரைத் தொடக்கம் குறித்த பேச்சு பெரும்பாலும் கவர்ச்சி பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. மேற்கோளில் தொடங்கு, வினா எழுப்பு, அதிர்ச்சி கொடு, குட்டிக்கதை சொல் என்று பயிற்சி ஏடுகள் அறிவுரை வழங்குகின்றன. நம் கருத்து இதனின்று வேறுபட்டது. எழுதுகிறவர் தாம் எங்கே நின்று, எதைப் பற்றி, எக்காரணத்தால் பேசுகிறார் என்பதை வாசகருக்குத் தெரிவிக்கும் இடமே தொடக்கம். அதை ஒளிக்காமல் தெரிவித்துவிட்டால் வாசகர் தாமாகவே உடன் வருவார்.

இது நமது கண்டுபிடிப்பன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், பாயிரத்துக்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என ஏழு பெயர்களைத் தருகிறது. எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்கிறது. மாடத்துக்கு ஓவியமும் மாநகருக்குக் கோபுரமும் மகளிர்க்கு அணியும் போன்றது பாயிரம் என்று உவமை கூறுகிறது. நம் தேர்வுக் கட்டுரைகள் இவற்றுள் ஓவியத்தையும் அணியையும் எடுத்துக்கொண்டு கோபுரத்தை விட்டுவிட்டன. கோபுரமும் அழகுக்குரியதே, எனினும் தொலைவில் வரும் வழிப்போக்கருக்கு இன்ன ஊர் நெருங்குகிறது என்று காட்டும் வேலையும் அதற்கு உண்டு.

சிறப்புப்பாயிரத்தில் இருக்கவேண்டியவை எவை? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டினால் பதினொன்று. இப்பட்டியலில் அலங்காரம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கலாம். அனைத்தும் செய்திகள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று முதலில் எல்லையைத்தான் குறித்தார். எந்த அவையில் அரங்கேறியது, யார் கேட்டார், ஆசிரியர் பெயர் என்ன என்பனவெல்லாம் பின்னர் வருகின்றன. நூல் எந்த நிலத்துக்கு உரியது என்பது அவருக்கு முதற்செய்தியாக இருந்தது.

இந்த இலக்கணத்தை அறியாத ஒருவர் எழுதியும் அதற்கு முற்றும் பொருந்திய ஒரு தொடக்கம் நம் வட்டாரத்தைப் பற்றியே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் வழங்கிய தீர்ப்பே அது. எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். வழக்குத் தொடுத்தவர் யார், எந்த மாசுக்கு எதிராகத் தொடுத்தார், சுத்திகரிக்கப்படாத தோல் கழிவுநீர் வயலிலும் சாலையோரத்திலும் நீர்வழிகளிலும் விடப்பட்டுக் கடைசியில் எங்கே சேர்கிறது என்பன தொடக்க வரிகளிலேயே வந்துவிடுகின்றன. சேருமிடம் பாலாறு, அதுவே இவ்வட்டார மக்களின் முதன்மை நீராதாரம் என்பதும் உடனே சொல்லப்படுகிறது. ஆக்கியோன், எல்லை, நுதலிய பொருள், காரணம் நான்கும் அங்கே உள்ளன. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகக் கூறும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு, ஒரு கிலோ தோலைப் பதனிடச் சராசரியாக 35 லிட்டர் நீர் செலவாகும் கணக்கு ஆகியவை அடுத்து வருகின்றன. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதையும் அத்தீர்ப்பு மறைக்கவில்லை. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்த தீர்ப்பு, இத்துணை எளிய வரிகளில்தான் தொடங்குகிறது.

சட்ட நூலுக்கு இது பொருந்தலாம். இலக்கியச் சுவை வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. வார இதழ் வாசகரை இழுத்துப் பிடிக்கவேண்டிய தேவை அதற்கும் இருந்தது. ஐயர் தம் பிறப்பிலோ தமிழின் பெருமையிலோ தொடங்கவில்லை. ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் தரித்துவிட்ட ஒரு தஞ்சை அரசர், அதற்குப் பரிகாரம் தேடியதில் ஓர் ஊர் உண்டான கதையைச் சொல்கிறார். அவ்வூர் உத்தமதானபுரம், அவருடைய ஊர். கதை சுவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பெயர்த்தெடுத்து வேறொருவர் வரலாற்றின் தலையில் வைக்க முடியாது. நல்ல தொடக்கத்துக்கு நாம் கொள்ளும் உரைகல் இதுதான்: இன்னொரு கட்டுரைக்கும் பொருந்துகிற முதற்பத்தி இந்தக் கட்டுரைக்கு உரியதாகாது. நீரின் பெருமை பேசும் முதற்பத்தி காவிரிக்கும் பொருந்தும், வைகைக்கும் பொருந்தும், குடிநீர் வாரியத்தின் ஆண்டு மலருக்கும் பொருந்தும்.

கேட்போர் என்னும் உறுப்பையும் நாம் மறந்துவிட்டோம். திருப்பத்தூரில் 1912இல் பிறந்த மு.வரதராசனார் 'அன்னைக்கு', 'தம்பிக்கு' என நூல்களுக்குப் பெயரிட்டுக் கருத்துகளைக் கடிதமாக்கினார். எதிரில் தம்பி இருக்கும்போது ஆதிகாலத்திலிருந்து தொடங்கத் தோன்றாது. நம் மாணவர் எதிரே இருப்பவரோ முகமறியாத விடைத்தாள் திருத்துநர். அவருக்கு மேற்கோள் பிடிக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் ஒரு காரணம்தான். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நாம் கருதுகிறோம். கிணற்றைக் கெடுத்த தொழிலே அடுப்பையும் எரியவைக்கிறது. தந்தையின் கூலியில் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற பிள்ளை, முதல் வரியிலேயே டேனரியைக் குறிப்பிட்டால் இரண்டு பக்கமும் பதில் சொல்லவேண்டி வரும். குறை சொன்னால் வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகும். பேசாதிருந்தால் ஆற்றைக் கைவிட்டதாகும். சங்ககாலத்தில் தொடங்கிவிட்டால் இச்சங்கடம் இல்லை. பொதுமை நிறைந்த தொடக்கம் சோம்பலால் மட்டும் வருவதன்று. அது ஒளிந்துகொள்ளும் இடமும் ஆகும். இந்த ஒளிவிடத்தைக் கட்டுரைப் பயிற்சி என்ற பெயரில் பள்ளியிலிருந்தே நாம் கட்டித் தருகிறோம்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்தது. எல்லைகள் மாறின, வழக்கு இன்னும் முடியவில்லை. இதைப் பற்றி உள்ளிருந்து எழுதக்கூடியவர்கள் இம்மாணவர்கள்தாம். வெளியிலிருந்து வருகிற செய்தியாளர் நுரையைப் படம் எடுத்துச் செல்வார். கூலியையும் கிணற்றையும் ஒரே வீட்டில் பார்த்தவருக்கு அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத இயலும்.

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. மாணவர் எழுதித் தரும் கட்டுரையில் முதல் இரண்டு பத்திகளை மறைத்துவிட்டு மூன்றாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் தொடங்கியிருக்கும். மேலே உள்ளவற்றை நீக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் குறையாது என்று உறுதி கொடுங்கள், கொடுத்த உறுதியைக் காப்பாற்றுங்கள். "எங்கள் தெருக் கிணற்று நீரை நாங்கள் குடிப்பதில்லை, அதைக் கெடுத்த இடத்தில்தான் அப்பா வேலை செய்கிறார்" என்று ஒரு மாணவி தொடங்கினால், அடுத்த வரியை எழுத அவருக்குத் துணிவும் வேண்டும், நேரமும் வேண்டும். தேர்வு அறையில் அவருக்கு அந்த நேரத்தைத் தரும் பொறுப்பு நம்முடையது.