தலை மாறிய குதிரைவீரர்

மன்னன் ஒருவன், குடிகளோ பல இலட்சம். அத்தனை பேரும் அரண்மனைக்குச் சென்று அவன் திருமுகத்தைக் காண இயலுமா? ஆகவே, முகமே குடிகளைத் தேடிப் புறப்பட்டது, செப்புத்தகட்டின் வழியாக! தகட்டில் கோடுகள் கீறி, கோடுகளில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் ஒரு படம். தகடு தேயும்வரை அதே படம் நூற்றுக்கணக்கில் பிறக்கும்.

இவற்றைக் கலைச்செல்வம் என்று மட்டும் போற்றும் நண்பர்களோடு எனக்கொரு வழக்குண்டு. கலைதான், யார் மறுத்தார்? ஆயினும், ஆட்சிக்குக் கட்டியம் கூறப் பிறந்த கலை அது.

சான்று வேண்டுமா? இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசை 1633-ல் வான் டைக் வெள்ளைக் குதிரைமேல் ஏற்றி, வளைவு வாயிலின்கீழ் நிறுத்தித் தீட்டினார். சார்லஸ் உயரம் குறைந்தவர். ஓவியத்தில் அது தெரிகிறதா? அண்ணாந்து பார்க்கும்படி எழுதிவிட்டால் எவரும் நெடியோனே! பக்கத்தில் நிற்கும் குதிரைப் பயிற்சியாளர் தலைக்கவசம் ஏந்தி மேல்நோக்குகிறார். நாமும் அப்படியே நோக்கவேண்டும் என்பது குறிப்பு.

1649 ஜனவரி 30-ல் அம்மன்னரின் தலை வெட்டுண்டது. பிறகு, இலண்டனில் தொழில்புரிந்த பிரெஞ்சுக்காரர் பியர் லொம்பார் அவ்வோவியத்தைத் தழுவி ஒரு தகடு செதுக்கினார். குதிரைமேல் இருந்தவர் யார் தெரியுமா? சார்லசை வீழ்த்திய கிராம்வெல்! அதே தகட்டில் முகத்தைச் சுரண்டிவிட்டு வேறு தலைகளும் வைத்தார்கள். ஒரு படியில் பிரான்சின் பதினான்காம் லூயி, இன்னொன்றில் சார்லசே! தலையே இல்லாத படியும் உண்டு.

குதிரையையும் கவசத்தையும் செதுக்குவது பெரும் உழைப்பு. தலை சிறிய வேலை. ஆதலால், இது கடைக்காரரின் சிக்கனம் என்று சிரிக்கலாம், நானும் சிரித்தேன். (தேர்தல் சுவரொட்டி அடிப்பவர் கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்!) ஆனால், அதிகாரம் முகத்தில் இல்லை, சேணத்தில் இருந்தது என்பதை அத்தகடு ஒப்புக்கொண்டுவிடுகிறது. முடியாட்சியை ஒழித்தவரைப் புகழ வந்தோருக்கும் மன்னரின் சேணத்தைத் தவிர வேறு இருக்கை தோன்றவில்லையே! மன்னர் போனார், மன்னருக்கென வகுத்த பார்வை போகவில்லை.

மாண்ட மன்னருக்கும் படமே துணை நின்றது. சார்லசின் பெயரால் 1649-ல் வெளிவந்த ‘ஐக்கான் பசிலிக்கே’ நூலின் முகப்பில், வில்லியம் மார்ஷல் அவரை மண்டியிட வைத்தார். மணிமுடி காலடியில், முள்முடி கையில், கண்கள் விண்ணுலக முடியின்மேல். கொடுங்கோலர் என்று தண்டிக்கப்பட்டவர் ஒரே தாளில் தியாகியானார். அவ்வாண்டிலேயே 30-க்கு மேற்பட்ட பதிப்புகள்! பதறிய புதிய அரசு, மறுப்பெழுத மில்டனை ஏவிற்று. மாபெரும் புலவர், அப்படத்தையும் எள்ளி நகையாடினார். அவருடைய மறுப்போ 1650-ல் இரண்டாம் பதிப்பைக் கண்டதோடு சரி.