பிரசவத்தில் ரத்தம் அதிகமா போச்சா? பிட்யூட்டரி சுரப்பியையும் கொஞ்சம் பாருங்க!

தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலை பல தேர்தல்களில் செய்தியில் அடிபட்ட ஊர். வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போன படங்கள் வைரலாகின. ரோடு இல்லாத மலைக் கிராமங்களில் பிரசவ வலி வந்த பெண்களைத் தூளி கட்டித் தூக்கி வந்ததும் இதே மாவட்டத்தில்தான். அந்தத் தாமதத்தில் உயிர் போனால் செய்தி. ரத்தம் நிறையப் போய், உயிர் பிழைத்து வீடு திரும்பியவருக்கு அப்புறம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அவர்களில் சிலருக்கு ஷீஹன் சிண்ட்ரோம் என்ற பாதிப்பு இருக்கலாம்.

அடிபடுவது பிட்யூட்டரி சுரப்பி. மூளைக்கு அடியில், மண்டை எலும்பின் சின்னப் பள்ளம் ஒன்றில் உட்கார்ந்திருக்கும். பட்டாணி அளவு, எடை அரை கிராம் சொச்சம். இதற்கு முன்பகுதி, பின்பகுதி என இரண்டு பாகம். தைராய்டு, அட்ரினல், சினைப்பை எல்லாவற்றுக்கும் 'வேலை செய்' என்று உத்தரவு போவது முன்பகுதியில் இருந்து. வளர்ச்சி ஹார்மோனும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் அங்கேதான் உருவாகின்றன. பின்பகுதி எதையும் தயாரிப்பதில்லை. ஹைப்போதலாமஸ் அனுப்பும் இரண்டு ஹார்மோன்களைச் சேமித்து வைத்து வெளியே விடும். அதில் ஒன்று ஆக்சிடோசின். பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்காக ஆஸ்பத்திரியில் போடும் ஊசியும் அதுதான்.

கர்ப்ப காலத்தில் முன்பகுதி பெருக்கிறது. ஆனால் அதற்கு ரத்தம் வருவது அழுத்தம் குறைந்த சிரைகள் வழியாக. தாய்க்கு ரத்தம் அதிகம் போய் பிரஷர் விழுந்தால், பெருத்த சுரப்பிக்கு ரத்தம் பத்தாமல் அதன் செல்கள் செத்துப்போகின்றன. இதை 1937-ல் விவரித்தவர் நோயியல் மருத்துவர் ஹரோல்ட் ஷீஹன்.

முதல் அறிகுறி, பால் சுரக்காதது. அப்புறம் மாதவிடாய் திரும்பாது. அக்குள் முடி உதிரும், குளிர் தாங்காது, எப்போதும் அசதி. பால் வரலைன்னா "உடம்புல சத்து இல்ல", மாதவிடாய் நின்னா "சீக்கிரமே நின்னுடுச்சு", அசதின்னா "ரத்த சோகை". ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் ரெடியாக இருப்பதால், மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் பத்து, பதினைந்து வருஷம்கூட ஓடிவிடும்.

காஷ்மீரில் நடந்த ஓர் ஆய்வில், 20 வயதைத் தாண்டிய பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் பிரசவித்தவர்கள். 'தமிழ்நாட்டில்தான் எல்லாமே ஆஸ்பத்திரி பிரசவமாச்சே?' உண்மைதான், தேசிய குடும்ப நல ஆய்வு-5 சொல்வது 99.6 சதவீதம். ஆனால் அது இன்றைய கணக்கு. 20 வருஷம் முன்பு சித்தேரி, வத்தல்மலை பக்கம் வீட்டிலேயே பெற்றவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் அசதியோடு ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்கலாம். தவிர, ஆஸ்பத்திரியிலும் ரத்தப்போக்கு வரத்தான் செய்கிறது.

இங்கே இன்னொரு சிக்கல். அசதி என்று போனால் பல இடங்களில் டிஎஸ்எச் டெஸ்ட் மட்டும் எடுப்பார்கள். டிஎஸ்எச் பிட்யூட்டரியே அனுப்புவது; சுரப்பி கெட்டிருந்தால் அது ஏறாது. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும், நோயாளியும் வீட்டுக்குப் போய்விடுவார். ஃப்ரீ டி4-ம் காலை நேர கார்டிசோலும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

மருத்துவக் கல்லூரி தருமபுரியிலேயே இருக்கிறது. தேவைப்படுவது பெரிய மெஷின் இல்லை. கிராம செவிலியர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: பிரசவத்தில் ரத்தம் நிறையப் போச்சா? பால் வந்துச்சா? மாதவிடாய் திரும்புச்சா? பால் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மூன்று பதிலும் ஒரே பக்கம் காட்டினால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தாய்-சேய் அட்டையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

சிகிச்சை, இல்லாத ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுப்பது. விலை அதிகமில்லை, ஆனால் ஆயுசுக்கும் சாப்பிடணும். கார்டிசோல் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்டணும், டாக்டரைக் கேட்டு. 'நல்லாதானே இருக்கேன்' என்று திடீரென நிறுத்தவே கூடாது.