நீருக்கு ஈந்த உயிர்

மதுரை வில்லாபுரத்து ஏழை மக்களின் நீர்வேட்கையைத் தம் வேட்கையாய்க் கொண்டவர் மாமன்ற உறுப்பினர் இலீலாவதி. மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினரான அவரை மக்கள் 1996-இல் தேர்ந்தெடுத்தனர். குழாய்நீர் கேட்டுப் போராடினார். நீர் விற்றுக் கொழுத்தோர்க்கு அவ்வருளே பகையாயிற்று. 23-4-1997-இல் பட்டப்பகலில் கொலைஞர் அவரை வெட்டி வீழ்த்தினர். வழக்குமன்றம் அவர்கட்கு வாழ்நாட் சிறை விதித்தது.

தமிழ் மக்களே! சித்திரைத் திருவிழாவில் வழிப்போக்கர்க்கெல்லாம் நீர்ப்பந்தல் வைக்கும் ஊரன்றோ மதுரை? அவ்வூரில் மக்களுக்காக நீர் கேட்டவர்க்குச் சாவா பரிசு?

நினைவுநாளில் மலர்தூவிப் புகழ்வது எளிது. குடநீருக்கு விலை கேட்பவன்முன் வாய்பொத்தி நிற்போமாயின், அப்புகழுரை வெற்றுரையே! கற்சிலை வேண்டா, தெருத்தோறும் விலையின்றி நீர்சொரியும் குழாயே அவர்க்கு நாம் நாட்டும் நடுகல்!